பக்கத்தில் போய் உட்காருங்கள்: புதிதாகச் செபிக்க வருபவர்களுக்கு

மதுரைப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனால் என்ன செய்வோம்? யாரும் நீளமாகப் பேசுவதில்லை. கையைத் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருகிறோம். இழப்பைச் சரிசெய்ய யாராலும் முடியாது என்று வந்தவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். ஆனாலும் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை அந்த வீடு பல வருடம் மறக்காது.

கத்தோலிக்கச் செபத்தைப் பற்றி முதல்முறையாகக் கேட்பவர்களிடம் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். எங்கள் பங்குக்கு, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்துக்கு, புதிதாக வருபவர்களோடு பேசும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்பவர்கள், சின்ன வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிவிட்டு அப்புறம் கோயில் பக்கமே வராமல் இருந்து திரும்பி வருபவர்கள் என்று பலர் வருவார்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதே." தெரிய வேண்டியது அதிகம் இல்லை. கிறிஸ்துவும் அவருடைய தாயும் ஏற்கெனவே நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நம்பி, நாமும் போய் அவர்கள் பக்கத்தில் உட்காரப் பழகுகிறோம். அதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், கூட்டமில்லாத ஒரு நாளில்

ஞாயிறு பூசையில், அதாவது திருப்பலியில், தொடங்காதீர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்ற பதற்றத்திலேயே ஒரு மணி நேரம் போய்விடும். வார நாளில், கோயில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, தனியாகப் போங்கள். நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கீழவெளி வீதியில் இருக்கும் புனித மரியன்னை பேராலயம் நல்ல இடம். வெளியே பேருந்துச் சத்தமும் ஆட்டோச் சத்தமும் ஓயாது. உள்ளே நாலு அடி வைத்ததும் அந்த உயரமான கூரைக்குக் கீழே நம் மூச்சு நமக்கே கேட்கும். அது வியாகுல மாதாவின் பெயரில் உள்ள கோயில். துயரப்பட்ட தாய் என்று பொருள். அந்தப் பெயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செருப்பை எங்கே விடுவது, தலையில் முக்காடு போடுவதா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

வாசலில் தீர்த்தத் தொட்டி இருந்தால் வலது கை விரலை நனைத்து நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று தொட்டுச் சிலுவை அடையாளம் போடுங்கள். "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்." இதுவே ஒரு முழுச் செபம்.

அப்புறம் பீடத்தின் பக்கம் பாருங்கள். ஒரு சின்னப் பெட்டியும், அதன் அருகில் அணையாத விளக்கு ஒன்றும் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு விளக்கு. அந்தப் பெட்டிதான் நற்கருணைப் பேழை. பூசையில் குரு வசீகரம் செய்த, அதாவது செபித்து அர்ப்பணித்த, அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பது எங்கள் விசுவாசம். அவர் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகத்தான் விளக்கு எரிகிறது. வீட்டில் ஆள் இருந்தால் திண்ணையில் விளக்கு எரிவது போல. அதனால்தான் உள்ளே வருபவர்கள் அந்தத் திசையைப் பார்த்து வலது முழங்காலைத் தரையில் ஊன்றி வணங்குகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தி வணங்கலாம், ஒரு குறையும் இல்லை.

கடைசி பெஞ்சில் உட்காருங்கள். போனை அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

என்ன பேசுவது, எப்படி அழைப்பது

செபப் புத்தகங்களில் கடவுளை 'நீர்', 'உம்மை' என்றே அழைப்போம். மதுரையில் அன்றாடப் பேச்சில் யாரும் யாரையும் 'நீர்' என்று சொல்வதில்லை. அதனால் புதியவர்களுக்கு அது நாடக வசனம் மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். 'நீங்கள்' என்பதில் உள்ள தூரம் அதில் இல்லை, 'நீ' என்பதில் உள்ள அலட்சியமும் வந்துவிடாது. சேர்ந்து செபிக்கும்போது அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

ஆனால் தனியாக இருக்கும்போது உங்கள் வாயில் எது வருகிறதோ அதுவே சரி. மாதா சுரூபம் வைத்த குகை போன்ற கெபி முன்னால் நின்று, "தாயே, அவன் ரெண்டு நாளாப் பேசவே மாட்டேங்கிறான், நீதான் பாத்துக்கணும்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது மாதிரிச் சொல்லும் கிழவிகளை எங்கள் கோயிலில் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களிடம்தான் செபம் கற்றேன் என்றே சொல்லலாம்.

கேட்பதற்கு முன்னால் சொல்லுங்கள். வேலை எப்படிப் போகிறது, யார்மேல் கோபம், எதற்குப் பயம், நேற்று எதற்குச் சிரித்தோம் என்று நடந்ததைச் சொல்லுங்கள். கானா ஊர்க் கல்யாண வீட்டில் மரியா செய்தது அதுதான். யோவான் நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவர் மகனிடம் கேட்கவில்லை. "திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது" என்று உள்ளதைச் சொன்னார். அப்புறம் பணியாளர்களிடம் திரும்பி, "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்றார். பந்தி நடக்கும்போது சாம்பார் தீர்ந்துபோனதை முதலில் கவனிப்பவர் யார் என்று நம் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அப்படி ஒரு பெண்.

பேச ஒன்றும் வரவில்லை என்றால் மத்தேயு 11ஆம் அதிகாரம், 28ஆம் வசனத்தை மெதுவாக மூன்று தடவை சொல்லுங்கள். "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே, எல்லாரும் என்னிடம் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." பிறகு சும்மா இருங்கள்.

மாதாவிடம் எதற்குப் போகிறோம்

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், வேறு சபை நண்பர்கள் கேட்பார்கள். பதில் எளிது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. மாதாவுக்கும் புனிதர்களுக்கும் நாங்கள் கொடுப்பது வணக்கம். மாதாவிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்கிறோம். நீங்கள் உங்கள் தோழியிடம் "எனக்காகச் செபம் பண்ணு" என்று கேட்பதற்கும் இதற்கும் உறவு ஒன்றுதான், இவர் தாய் என்பதால் கேட்கும் உரிமை கூடுதல். சிலுவையில் தொங்கும்போது இயேசு தம் அன்புச் சீடரிடம் "இவரே உம் தாய்" என்று சொல்லி ஒப்படைத்ததை நாங்கள் எங்களுக்கும் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு தவறான எண்ணத்தை மட்டும் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். அப்பா கோபக்காரர், அம்மா சிபாரிசு பண்ணித்தான் காரியம் நடக்கும் என்று நம் வீட்டுக் கணக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது. இயேசு கிட்டே நெருங்க முடியாதவர், மாதாதான் இரக்கம் உள்ளவர் என்று நினைப்பது இருவருக்கும் நாம் செய்யும் அநியாயம். நண்பன் லாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டு அழுதவர் இயேசு.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட சகாய மாதா படத்தைக் காட்டுவேன். எங்கள் பக்கம் பல பங்குகளில் புதன்கிழமை சகாய மாதா நவநாள் செபம் நடக்கும், அங்கே பார்த்திருப்பீர்கள். மூலப் படம் ரோமில் இருக்கிறது. 1866இல் உலக இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த தடவை பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேலே இரண்டு பக்கமும் வானதூதர்கள், அவர்கள் கையில் சிலுவையும் ஆணிகளும் ஈட்டியும். குழந்தை இயேசு அதைத் திரும்பிப் பார்க்கிறார். தம் இரண்டு கைகளாலும் அம்மாவின் ஒரு கையைப் பிடித்திருக்கிறார். காலைப் பாருங்கள், ஒரு செருப்பு கழன்று தொங்குகிறது. பயந்து ஓடிவந்து அம்மாவிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளை என்று அந்தச் செருப்புக்கு விளக்கம் சொல்வார்கள்.

ஆக, ஆறுதல் தேடி மரியாவிடம் ஓடிய முதல் ஆள் கிறிஸ்துதான். பயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாயின் கண்களோ பிள்ளையைப் பார்க்கவில்லை, படத்துக்கு முன்னால் நிற்கும் நம்மைப் பார்க்கின்றன. நான் பரீட்சைக்குப் போன காலத்திலிருந்து இந்தப் படத்தைப் பார்க்கிறேன், இன்னும் பார்த்து முடியவில்லை.

அருள் நிறைந்த மரியே: ஒரு செபம், ஒரு வாரம்

முதல் வாரம் இந்த ஒரு செபத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க! ஆண்டவர் உம்முடனே. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பெற்றவர் நீரே. உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பெற்றவரே. தூய மரியே, இறைவனின் தாயே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்."

முதல் பாதி லூக்கா நற்செய்தியிலிருந்து வருகிறது. வானதூதரின் வாழ்த்தும் எலிசபெத்தின் வாழ்த்தும் சேர்ந்தது. அதன் நடுவில் நிற்பது இயேசுவின் பெயர். அந்தப் பெயரில் ஒரு நொடி நிறுத்திச் சொல்லுங்கள். இரண்டாம் பாதி திருச்சபையின் வேண்டுதல். 'இறைவனின் தாய்' என்ற பட்டத்தை 431இல் எபேசு நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் உறுதிசெய்தது.

வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வேறு மாதிரி காதில் விழும்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே..." குழம்ப வேண்டாம், அதே செபத்தின் பழைய தமிழ். 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, நாம் தத்துவ போதகர் என்று சொல்பவர், தமிழும் வடமொழியும் படித்துத் தமிழிலேயே ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி நூலை எழுதினார். அப்படிப்பட்டவர்கள் தொடங்கிவைத்த செபத்தமிழ் வடசொல் கலந்து நடந்தது. எங்கள் ஆச்சி கடைசிவரை பிரியதத்தம்தான் சொன்னார். நான் அருள் நிறைந்த மரியே சொல்வேன். இரண்டு குரலும் 'ஆமென்' என்ற இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

செபமாலை: ஒரு பத்துமணியில் தொடங்குங்கள்

செபமாலையில் பத்துப் பத்து சின்ன மணிகளாக ஐந்து தொகுதி உண்டு, ஒரு தொகுதியைத்தான் பத்துமணி என்கிறோம். ஐந்து பத்துமணியும் சொல்ல இருபது நிமிடம் ஆகும். புதியவர்களுக்கு அது பெரிய மலை. முதல் மாதம் தினமும் ஒரு பத்துமணி போதும்.

எப்படிச் சொல்வது? முழு மாலை என்றால் சிலுவையைப் பிடித்து விசுவாச அறிக்கை, முதல் பெரிய மணியில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே', அடுத்த மூன்று சின்ன மணிகளில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு வேண்டி மூன்று 'அருள் நிறைந்த மரியே', பிறகு தந்தை, மகன், தூய ஆவியாரைப் புகழும் திரித்துவப் புகழ். அதற்கப்புறம் ஒவ்வொரு பத்துமணிக்கும் ஒரு மறைபொருளை, அதாவது இயேசு, மரியா வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சியை, சொல்லி, ஒரு கர்த்தர் கற்பித்த செபம் (அதே 'எங்கள் தந்தையே'), பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ், கடைசியில் 'ஓ என் இயேசுவே' என்ற பாத்திமா செபம். திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள்கள். செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளியின் மறைபொருள்கள், இவை 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை.

வாய் மாதாவின் பெயரைச் சொல்லும், மனம் இயேசுவின் வாழ்க்கையைப் பார்க்கும். இது பிடிபட நாளாகும். உதாரணமாக மகிழ்ச்சி மறைபொருள்களில் ஐந்தாவது, பன்னிரண்டு வயது இயேசு திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய் மூன்றாம் நாள் கோவிலில் கிடைத்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவிப்போன ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படபடப்போடு பத்து மணிகளையும் உருட்டுங்கள். இதற்குப் பெரிய தியானப் பயிற்சி தேவையில்லை.

கவனம் சிதறும். கேஸ் புக் பண்ணினோமா, பிள்ளை டியூஷனுக்குப் போனானா என்று ஓடும். அதையும் அப்படியே மாதாவிடம் சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போங்கள். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அது வீம்பில்தான் முடியும். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் போகும் பேருந்தில், நெரிசலில், கைவிரலில் எண்ணிச் சொன்னாலும் செபமாலைதான்.

அக்டோபர் செபமாலை மாதம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த குழுவான அன்பியத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் சேர்ந்து சொல்வார்கள். கூச்சப்படாமல் போங்கள். முடிவில் வரும் மாதா பிரார்த்தனையில் "விடியற்காலத்தின் நட்சத்திரமே", "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே", "கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வார்கள். பதில் மட்டும் தெரிந்தால் போதும்.

வீட்டில்

சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமோ சிலுவையோ, ஒரு மாதா சுரூபம், ஒரு மெழுகுதிரி. மல்லிகைப்பூ மலிவாகக் கிடைக்கும் நாளில் ஒரு முழம் வாங்கிச் சாத்துங்கள், மதுரையில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் இருக்க முடியாது. காலை ஆறு, நடுப்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்கு மூவேளை செபம் உண்டு. கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் அது உங்களுக்கு வாய்த்த வரம். மூன்றும் முடியாவிட்டால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூசை, நன்மை, பாவசங்கீர்த்தனம்

ஒரு மாதம் இப்படிப் போன பிறகு ஞாயிறு பூசைக்கு வாருங்கள், அந்நியமாகத் தெரியாது. ஞானஸ்நானம் பெற்று முறைப்படி தயாரானவர்கள் மட்டுமே நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவார்கள். மற்றவர்கள் இடத்திலேயே இருந்து செபிக்கலாம், அதை யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

பல வருடம் கழித்துத் திரும்பி வருபவர்களுக்கு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம்தான் பயம். பங்குச்சாமியிடம், "சாமி, இத்தனை வருடம் ஆச்சு, முறை மறந்துபோச்சு" என்று சொல்லுங்கள். அவர் கைபிடித்துக் கூட்டிப்போவார். அங்கே சொன்னது எதையும் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். வெளியே வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையில் இருந்தது சுமை இறங்கிய களைப்பு.

ஒரு நாள் இடைக்காட்டூருக்கு

மூன்றாம் மாதம் வாக்கில் ஒரு பயணம் போய் வாருங்கள். மாதா தலம் என்றால் திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை இருக்கிறார். ஆனால் நான் இடைக்காட்டூரைத்தான் முதலில் சொல்வேன். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில், திருப்புவனம் தாண்டி, சுமார் 36 கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம். பிரெஞ்சு நாட்டுக் குரு பெர்டினாண்ட் செல் 1894இல் கட்டிய திரு இருதய ஆண்டவர் ஆலயம் அங்கே இருக்கிறது. பிரான்சில் உள்ள ரேம்ஸ் பேராலயத்தின் சாயலில் கட்டியது. வைகைக்கரை வயல்வெளிக்கு நடுவில் அந்தக் கூர்மாடங்களைப் பார்க்கும்போது முதலில் திகைப்பாக இருக்கும்.

உள்ளே போய்த் திரு இருதயத்தைப் பாருங்கள். இருதயம் நெஞ்சுக்கு வெளியே தெரிகிறது, மேலே நெருப்பு, சுற்றி முள், பக்கத்தில் ஈட்டி குத்திய காயம். பயமுறுத்துகிறது என்று சொன்ன புதியவர்கள் உண்டு. காயத்தை மறைக்காமல் காட்டுபவரிடம்தானே நாமும் நம் காயத்தைக் காட்ட முடியும்? 1670களில் பிரான்சில் புனித மார்கரீத் மரியாளுக்குக் கிடைத்த காட்சிகளிலிருந்து பரவியதுதான் மாதத்தின் முதல் வெள்ளிப் பக்தி. எங்கள் பக்கம் முதல் வெள்ளியன்று பூசையும் நற்கருணை ஆராதனையும் பல கோயில்களில் நடக்கும். பயணம் முடியாதவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்ச்சை வைக்கலாம், மெழுகுதிரி ஏற்றலாம். ஆனால் 'இதைக் கொடுத்தால் அதைச் செய்கிறேன்' என்று பேரமாக்கிவிடாதீர்கள். பேரம் நடக்கும் இடத்தில் உறவு இருக்காது.

ஒன்றும் தோன்றாத நாட்கள்

வரும். மூன்றாம் மாதமே வந்துவிடலாம். சொற்கள் காய்ந்த இலை மாதிரி இருக்கும், யாரும் கேட்பதாகத் தெரியாது. கேட்டது கிடைக்காமலும் போகும்.

என் அம்மா மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் குணமாக வேண்டும் என்றுதான் செபமாலை சொன்னேன். குணமாகவில்லை. கடைசி இரவு வராந்தாவில் உட்கார்ந்து சொல்லும்போது 'இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்' என்ற இடத்துக்கு மேல் வாய் வரவில்லை. ஆயிரம் தடவை சொன்ன வரி. அந்த இரண்டு வேளையும் அன்று ஒன்றாகிப் போயிருந்தன. எங்கள் அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேர் இரவு முழுக்க என்னோடு இருந்தார்கள். ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் நிறுத்திய இடத்திலிருந்து அவர்கள் மெதுவாகத் தொடர்ந்தார்கள்.

வியாகுல மாதா என்ற பெயர் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிலுவையின் அருகில் மரியா நின்றார் என்று யோவான் எழுதுகிறார். ஆணியை அவரால் பிடுங்க முடியவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. மகனைவிட்டுப் போகாமல் நின்றார். சிலுவையில் இருந்தவரும் நம்மைவிட்டு இறங்கிப் போகவில்லை. செப்டம்பர் 15 வியாகுல அன்னையின் திருநாள். துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்குப் பூசைக்கு வந்துபாருங்கள்.

ஆகவே காய்ந்த நாளில் நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதே பத்து நிமிடம், அதே கடைசி பெஞ்ச். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்றால் "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். நேரம் முடிந்ததும் விளக்கைப் பார்த்து முழந்தாளிட்டு, நம் ஊரில் யார் வீட்டிலிருந்தும் கிளம்பும்போது சொல்வது போல, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.